அசோக் லேலண்ட் லாரியும் பஸ்ஸும், எண்ணூர் முதல் மொரீஷியஸ் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில் சொந்தமாக பஸ் ஓட்டுகிறவர்களும் கராஜ் வைத்திருப்பவர்களும் பழைய வண்டிகளில் ஆர்வமுள்ளவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வரலாறும் ஸ்பானர் வேலையும் இதில் கலந்தே வரும். வண்டியின் எந்தப் பாகம் எந்தக் காலத்தில் எந்த நாட்டு வடிவமைப்பிலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் சரியான உதிரிபாகம் கைக்கு வந்து சேரும்.

நிறுவனம் எப்போது தொடங்கியது? அந்த 'அசோக்' யார்?

1948 செப்டம்பர் 7 அன்று ரகுநந்தன் சரண் 'அசோக் மோட்டார்ஸ்' என்ற பெயரில் தொடங்கினார். அசோக் என்பது அவருடைய மகன் பெயர். பலர் நினைப்பதுபோல அசோகச் சக்கரவர்த்தியின் பெயர் அல்ல. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் அமைந்த தொழிற்சாலையில் முதலில் லாரியோ பஸ்ஸோ செய்யவில்லை. இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்த ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

காரிலிருந்து லாரிக்கு எப்படி மாறினார்கள்?

சுதந்திரம் பெற்ற புதிதில் இந்தியாவுக்குக் காரைவிடச் சரக்கு வண்டியும் பஸ்ஸும்தான் அவசரத் தேவையாக இருந்தன. 1950இல் இங்கிலாந்தின் லேலண்ட் மோட்டார்ஸுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. காமெட் சேசிஸ் (பாடி இல்லாத அடிச்சட்டம்) எண்ணூரில் பூட்டப்படத் தொடங்கியது. சரண் விமான விபத்தில் இறந்த பிறகும் திட்டம் நிற்கவில்லை. பாகங்களைப் படிப்படியாக உள்நாட்டிலேயே செய்துகொள்ள 1954இல் இந்திய அரசு அனுமதி தந்தது. 1955இல் லேலண்ட் பங்கு முதலீட்டுடன் உள்ளே வந்தது, நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்ட் ஆனது.

'படிப்படியாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்லாப் பாகமும் ஒரே நாளில் இந்தியத் தயாரிப்பாகிவிடவில்லை. ஒவ்வொன்றாக மாறியது. அதனால்தான் அந்தக் காலத்து வண்டிகளில் ஒரே மாடலிலேயே பாகங்கள் வேறுபடுகின்றன.

காமெட், டைட்டன், வைகிங், சீட்டா: எது எப்போது வந்தது?

காமெட்தான் மூத்தது. லாரியாகவும் பஸ்ஸாகவும் பல பத்தாண்டுகள் ஓடியது. 1967இல் டைட்டன் மாடி பஸ் வந்தது. கனரக வரிசையில் பீவர், ஹிப்போ முதலியவை வந்தன. ஹிப்போ இந்திய ராணுவத்திலும் உழைத்தது.

பஸ்காரர்களுக்கு முக்கியமான ஆண்டு 1976, வைகிங் வந்த ஆண்டு. அதில் இரண்டு மாற்றங்கள். முன் அச்சுக்கு முன்னால் சேசிஸ் நீண்டதால், ஏறும் வாசலை முன்சக்கரத்துக்கு முன்னே வைக்க முடிந்தது. டிரைவர் தன் இருக்கையிலிருந்தே ஏறுபவரைப் பார்க்கலாம். இரண்டாவது, டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். டைனமோ மெதுவான ஓட்டத்தில் சரியாகச் சார்ஜ் தராது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று, இருட்டிய பிறகு உள்விளக்கு எல்லாம் போட்டு ஓடும் நகர பஸ்ஸில் பேட்டரி இறங்கிப்போவதற்கு அதுதான் காரணம்.

1970களின் இறுதியில் பின்பக்கம் இன்ஜின் வைத்த சீட்டா வந்தது. 1980இல் ஓசூர் தொழிற்சாலை. அதன் பிறகு ராஜஸ்தானின் ஆல்வார், மகாராஷ்டிரத்தின் பண்டாரா. உத்தரகண்டின் பந்த்நகர் 2010இல் சேர்ந்தது.

மொரீஷியஸுக்கு இந்த வண்டிகள் பொருந்தியது எப்படி?

முதல் காரணம் எளியது. இரு நாடுகளிலும் வண்டி சாலையின் இடப்பக்கம் ஓடுகிறது, ஸ்டியரிங் வலப்பக்கம். சென்னையில் ஓடும் சேசிஸ் எந்த மாற்றமும் இல்லாமல் போர்ட் லூயிஸில் ஓடும்.

இரண்டாவது, சேசிஸை மட்டும் தனியாக விற்கும் வழக்கம். இன்ஜின், கியர்பாக்ஸ், அச்சுகள், ஸ்டியரிங் எல்லாம் பூட்டிய வெறும் சட்டம் வரும். பாடியை வேறொருவர் கட்டுவார். தமிழ்நாட்டில் கரூர் இந்தத் தொழிலுக்குப் பேர் போன ஊர். மொரீஷியஸுக்குச் சேசிஸாக இறக்குமதி செய்தால் இருக்கை எண்ணிக்கை, வாசல், ஜன்னல் எல்லாவற்றையும் இங்குள்ள தேவைக்கேற்ப இங்கேயே அமைத்துக்கொள்ளலாம். இருபதாண்டு கழித்துப் பாடி இற்றுப்போனாலும் சட்டம் நன்றாக இருந்தால் மறுபாடி கட்டலாம். சிறு முதலாளிக்கு இது பெரிய லாபம். சட்டமும் பாடியும் ஒன்றாய்ப் பற்றவைத்து வரும் வண்டிகளில் இந்த வசதி கிடையாது.

என் பஸ்ஸில் இருப்பது எந்த இன்ஜின் வம்சம்? எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் மிக உபயோகமான கேள்வி இதுதான். வைகிங் என்று முகப்பில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. ஒரே பெயர் பல பத்தாண்டுகள் விற்றிருக்கிறது, அதற்குள் இன்ஜின் தலைமுறையே மாறிவிட்டது.

முதல் வம்சம் ஆங்கில லேலண்ட். 350, 370, 400, 680 என்ற எண்கள் இன்ஜினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்பவை. 370 என்றால் ஏறக்குறைய 6.1 லிட்டர், 400 என்றால் 6.5 லிட்டர், 680 என்றால் 11.1 லிட்டர்.

இரண்டாவது வம்சம் ஜப்பானின் ஹீனோ. 1980களில் ஹீனோவோடு செய்த தொழில்நுட்ப ஒப்பந்தத்திலிருந்து எச் வரிசை பிறந்தது. ஆறு சிலிண்டர் 5,759 சி.சி., நான்கு சிலிண்டர் 3,839 சி.சி. இரண்டிலும் சிலிண்டரின் துளை 104 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 113 மில்லிமீட்டர். பழைய லேலண்டைவிட வேகமாகச் சுற்றும், சத்தம் வேறு மாதிரி இருக்கும்.

மூன்றாவது இத்தாலியின் இவெகோ. கார்கோ லாரிகளோடு வந்தது.

தகடு தேய்ந்துபோயிருந்தால் மரையைப் பாருங்கள். பழைய லேலண்ட் வம்சத்தில் அங்குல மரை, ஹீனோ, இவெகோ இரண்டிலும் மில்லிமீட்டர் மரை. 9/16 அங்குல ஸ்பானர் பிடிக்கும் போல்ட்டின் தலை 14.3 மில்லிமீட்டர். அதில் 14 ஸ்பானர் நுழையாது, 15 போட்டால் வழுக்கித் தலையை உருட்டிவிடும். ஆனால் 3/4 அங்குலம் 19.05 மில்லிமீட்டர் என்பதால் 19 ஸ்பானர் அதில் உட்கார்ந்துவிடும். அதை நம்பி மில்லிமீட்டர் நட்டை அங்குல போல்ட்டில் ஏற்றுகிறவர்கள் உண்டு. முதல் இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும், அதற்கு மேல் பலம் கொடுத்தால் மரை போய்விடும். கையால் முழுக்கச் சுற்ற முடியாத நட்டை ஸ்பானரால் சுற்றக் கூடாது.

லேலண்ட் என்றால் இங்கிலாந்திலிருந்தே பாகம் வாங்கலாமா?

பழைய 370, 400 வண்டிகளுக்குச் சில பாகங்கள் அங்கு பழைய வண்டி ஆர்வலர்களிடம் கிடைக்கலாம். பொதுவாக வேண்டாம். இங்கிலாந்து லேலண்ட் 1968இல் பிரிட்டிஷ் லேலண்டாகி, 1975இல் அரசுடைமையாகி, பிறகு துண்டு துண்டாகப் பிரிந்தது. பஸ் பிரிவை 1988இல் வால்வோ வாங்கியது. லாரிப் பிரிவு டாஃப் வழியாகக் கடைசியில் அமெரிக்காவின் பக்கார் கையில் சேர்ந்தது. எண்ணூர் வண்டிகளோ அதற்குள் தனி வழியில் வெகுதூரம் வந்துவிட்டன. பெயர் ஒன்றாக இருக்கலாம், பாகம் ஒன்றல்ல.

1987இல் என்ன மாறியது?

லேலண்டிடம் இருந்த பங்குகளை ஹிந்துஜா குழுமமும் இவெகோவும் சேர்ந்து வாங்கின. 1990களில் ஓசூரிலிருந்து கார்கோ லாரி வந்தது. ஐரோப்பாவில் ஃபோர்டு வடிவமைத்து, பின்னர் இவெகோவின் கைக்கு வந்த கேபின் அது. முன்னால் சாய்த்துத் திறக்கும் கேபினும் மூடிய ஓட்டுநர் அறையும் தொழிற்சாலையிலிருந்தே வந்தது இந்திய லாரித் தொழிலில் பெரிய மாற்றம். அதுவரை பல லாரிகள் வெறும் முகப்போடு வந்து, மரக் கேபின் வெளியில் கட்டப்பட்டன. 2000களின் பிற்பகுதியில் இவெகோ விலகியது, முழுக் கட்டுப்பாடும் ஹிந்துஜாவிடம் வந்தது.

உதிரிபாகம் சொல்லும்போது என்னென்ன அனுப்ப வேண்டும்?

சேசிஸ் எண்ணை முழுதாக அனுப்புங்கள். புதிய வண்டிகளில் அது 17 எழுத்து, எண்கள் கொண்டது, எம்பி1 என்று தொடங்கும். அது பெரும்பாலும் வலப்பக்க நீளச் சட்டத்தில், முன்சக்கரத்துக்கு அருகே அடிக்கப்பட்டிருக்கும். கம்பித் தூரிகையால் துருவைத் துடைத்து, சுண்ணக்கட்டி தேய்த்தால் எழுத்து தெளியும். கிரைண்டர் வைக்க வேண்டாம். எண் அழிந்தால் ஃபிட்னஸில் (வண்டியின் தகுதிச் சோதனையில்) சிக்கல் வரும்.

இன்ஜின் எண், கியர்பாக்ஸ் தகடு இரண்டையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். இத்தனை ஆண்டில் யாராவது இன்ஜினை மாற்றியிருந்தால் சேசிஸ் எண்ணை மட்டும் வைத்து வரும் பாகம் பொருந்தாது. கிளட்ச் பிளேட் என்றால் வெளிவிட்டமும் நடுவிலுள்ள பற்களின் எண்ணிக்கையும் வேண்டும். பிரேக் லைனிங் என்றால் அகலம், தடிமன், ரிவெட் துளைகளின் எண்ணிக்கை, ட்ரம்மின் இப்போதைய உள்விட்டம். லேத்தில் கடைந்த ட்ரம்முக்கு வழக்கமான லைனிங் முழுதாகப் படியாது. ட்ரம்மில் வார்க்கப்பட்டிருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டியிருந்தால் ட்ரம்மையே மாற்றிவிடுங்கள்.

க்யூர்பிப்பிலிருந்து போர்ட் லூயிஸ் இறங்கும்போது பிரேக் மணக்கிறது. ஏன்?

க்யூர்பிப் கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரம். 15 டன் எடையுள்ள பஸ் அங்கிருந்து கடற்கரைக்கு இறங்கும்போது 80 மெகாஜூலுக்கு மேல் ஆற்றல் வெளிப்படுகிறது. முப்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுக்க ஆவியாக்கப் போதுமான வெப்பம் அது. ஒரு பங்கு காற்றிலும் டயரிலும் போகும். மீதியை இன்ஜின் ஏற்காவிட்டால் நான்கு ட்ரம்களும்தான் ஏற்க வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ட்ரம் சூடேறினால் விரிகிறது, அதாவது உள்ளிருந்து அதை அழுத்தும் பிரேக் ஷூவை விட்டு விலகிப் போகிறது. அப்போது காற்றழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் புஷ் ராடு வழக்கத்தைவிட அதிக தூரம் வெளியே வர வேண்டும். இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் ராடு தன் எல்லையைத் தொட்டு நின்றுவிடும், ஷூவுக்கு அழுத்தம் போய்ச் சேராது. காலையில் கராஜ் வாசலில் நன்றாகப் பிடித்த பிரேக் இறக்கத்தின் நடுவில் காணாமல் போவது இப்படித்தான். 2013 மே 3 அன்று சொரேஸில் பஸ் கவிழ்ந்து 10 பேர் உயிரிழந்த தீவு இது. இறக்கத்தில் பிரேக் என்பது இங்கே சாதாரணப் பேச்சு அல்ல.

ஓட்டும் முறை: எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரை இறக்கிவிடுங்கள், நடுவில் மாற்ற முயன்றால் நியூட்ரலில் மாட்டிக்கொள்ள நேரிடும். எக்ஸாஸ்ட் பிரேக் (புகைப்போக்கியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) இருந்தால் அதை முதலில் போடுங்கள். கால் பிரேக்கை லேசாக மிதித்தபடியே இறங்காதீர்கள். அழுத்தமாகப் பிடித்து, வேகம் ஒரு 10 கிலோமீட்டர் குறைந்ததும் முழுக்க விட்டுவிடுங்கள். அடிக்கடி குத்திக் குத்தி மிதித்தால் ஏர் டேங்க் காலியாகும்.

தினசரிச் சோதனை ஐந்து நிமிட வேலைதான். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கம்ப்ரஸர் தானாக வெட்டும் வரை, ஏறக்குறைய 8 பார், காற்றை ஏற்றுங்கள். இன்ஜினை நிறுத்தி, பிரேக் பெடலை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு மானியைப் பாருங்கள். மிதித்தவுடன் விழும் அளவை விட்டுவிட்டு, அடுத்த ஒரு நிமிடத்தில் 0.2 பாருக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. சோப்பு நீர் தடவித் தேடுங்கள். முதலில் பிரேக் சேம்பர் டயஃப்ரம், பிறகு ரப்பர் ஹோஸ் வளையும் இடங்கள். மாலையில் வண்டியை விடும்போது டேங்குகளின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். தண்ணீரோடு கறுப்பு எண்ணெய் வந்தால் கம்ப்ரஸர் ரிங் தேய்ந்திருக்கிறது. அந்த எண்ணெய் வால்வுகளின் ரப்பரை ஊதவைத்துவிடும், தள்ளிப்போட வேண்டாம்.

கையால் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டராக இருந்தால்: கட்டை வைத்து, முழுக் காற்றேற்றி ஸ்பிரிங் பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைத் தூக்குங்கள். ஷூ ட்ரம்மைத் தொடும் வரை அட்ஜஸ்டர் தலையைத் திருகி, கால் முதல் அரைச் சுற்று பின்வாங்குங்கள். சக்கரம் உரசாமல் சுற்ற வேண்டும். ஒரே அச்சின் இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மழையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். தானாகச் சரிசெய்யும் வகையைக் கையால் அடிக்கடி திருகுவது தவறு. அது தளர்ந்தால் பாகம் கெட்டிருக்கிறது, மாற்ற வேண்டியதுதான்.

டீசல் தீர்ந்து நின்றுபோனால் ஏர் லாக் (டீசல் குழாயில் புகுந்த காற்று) எப்படி எடுப்பது?

வரிசை பம்ப் உள்ள பழைய இன்ஜின்களுக்கு மட்டும் இது பொருந்தும். டேங்கில் குறைந்தது 20 லிட்டர் ஊற்றுங்கள். முன்வடிகட்டிக் கிண்ணத்தில் தண்ணீர் இருந்தால் வடியுங்கள். ஃபில்டர் மேலுள்ள ஏர் திருகை அரைச் சுற்று தளர்த்தி, கை பம்பை அடியுங்கள். நுரை நின்று சுத்தமாக டீசல் வந்ததும் அடித்துக்கொண்டே திருகை மூடுங்கள். அடுத்து பம்பின் பக்கவாட்டுத் திருகில் அதையே செய்யுங்கள். பிறகு இரண்டு மூன்று நோசில் குழாய் நட்டுகளைத் தளர்த்தி, 15 விநாடிக்கு மேல் போகாமல் ஸ்டார்ட்டர் கொடுங்கள். டீசல் துள்ளியதும் இறுக்குங்கள்.

மறுநாள் மீண்டும் ஏர் பிடித்தால் பம்பைக் குறை சொல்லாதீர்கள். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவிலுள்ள குழாய் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். பழைய செப்பு வாஷரைத் திரும்பப் போட்டதே பெரும்பாலும் காரணம்.

காமன் ரெயில் இன்ஜினில் (எல்லா நோசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புதிய வகை) உயர் அழுத்தக் குழாயை எக்காரணம் கொண்டும் தளர்த்தாதீர்கள். உள்ளே ஆயிரம் பாரைத் தாண்டிய அழுத்தம் இருக்கும். அந்த டீசல் கீற்று தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கடலோர வழித்தடத்தில் ஓடும் பஸ்ஸுக்கு எங்கே துரு பார்ப்பது?

படிக்கட்டுக் கிண்ணம், பின்சக்கர வளைவின் பின்பக்கம், பேட்டரிப் பெட்டியின் தாங்கி, ஜன்னல் தூண்களின் அடி, இந்த நான்கும் முதலில். பாடியின் எஃகுத் தூணில் அலுமினியத் தகடு நேரடியாகப் படும் இடத்தில் உப்பு நீர் நின்றால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும், ரிவெட் தளரும், அந்த இடுக்கில் நிற்கும் ஈரம் எஃகையும் தின்னும். மறுபாடி கட்டும்போது இரண்டுக்கும் நடுவில் பிரைமரும் சீலன்ட் பட்டையும் கட்டாயம் வையுங்கள். சேசிஸ் நீளச் சட்டத்தின் மேல்விளிம்பில் வெல்டிங் செய்யவோ துளை போடவோ விடாதீர்கள். விரிசல் அங்கிருந்துதான் ஓடும்.

கரும்பு லாரியில் ஸ்பிரிங் பட்டை நடுவிலேயே உடைகிறது. பட்டை தரமில்லையா?

பெரும்பாலும் ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்டின் தளர்வு. பட்டைகளை ஒன்றாகச் சேர்க்கும் செண்டர் போல்ட்டுக்காகப் போட்ட துளைதான் பட்டையின் பலவீனமான இடம். யூ போல்ட் இறுக்கமாக இருந்தால் அந்த இடம் வளையாது. தளர்ந்தால் ஒவ்வொரு குழியிலும் அங்கேயே வளைந்து உடையும். புதுப் பட்டை போட்ட பிறகு முதல் 500 கிலோமீட்டருக்குள், சுமை ஏற்றிய நிலையில் மறுபடி இறுக்குங்கள். அறுவடைக்கு முன் ஒருமுறை கட்டாயம்.

புதிய மாடல் வாங்குபவர் எதைக் கேட்க வேண்டும்?

எந்த மாசுத் தரத்துக்குச் செய்தது என்று கேளுங்கள். இந்தியாவின் மாசுத் தரங்களான பாரத் ஸ்டேஜில் பிஎஸ்4 2017 ஏப்ரலிலும் பிஎஸ்6 2020 ஏப்ரலிலும் நாடு முழுக்க வந்தன. பிஎஸ்4 இன்ஜினுக்கு 50 பிபிஎம், பிஎஸ்6 இன்ஜினுக்கு 10 பிபிஎம் கந்தகம் உள்ள டீசல் வேண்டும். நீங்கள் டீசல் வாங்கும் இடத்தில் கந்தக அளவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்ற வண்டியை ஆர்டர் செய்யுங்கள். கந்தகம் கூடிய டீசலில் பிஎஸ்6 வண்டியின் புகை வடிகட்டியும் வினையூக்கியும் சீக்கிரம் கெட்டுப்போகும், விலையும் அதிகம்.

ஸ்விட்ச் மின்சார பஸ்ஸும் இவர்களுடையதா?

ஆம். பஸ் செய்யும் இங்கிலாந்தின் ஆப்டேர் நிறுவனத்தில் 2010இல் பங்கு வாங்கி, 2012இல் பெரும்பான்மை பெற்றார்கள். ஸ்விட்ச் மொபிலிட்டி அதிலிருந்து வந்த பெயர்.

பழைய 400 இன்ஜினை எடுத்துவிட்டு எச் வரிசையைப் பொருத்தலாமா?

முடியும், ஆனால் இன்ஜினோடு நிற்காது. தாங்கிகளின் இடம் மாறும், பெல் ஹவுசிங் துளைகள் ஒத்துவராது, கிளட்ச்சும் கியர்பாக்ஸும் கூடவே வர வேண்டும். கியர்பாக்ஸ் நீளம் மாறினால் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி மறுபடி பாலன்ஸ் செய்ய வேண்டும். பாலன்ஸ் செய்யாமல் ஓட்டினால் கியர்பாக்ஸின் பின் பேரிங் சீக்கிரமே போய்விடும். எச் வரிசை கூடுதல் சுற்றில்தான் தன் பலத்தைக் காட்டும் என்பதால், பழைய பின் அச்சின் பல்விகிதத்தோடு வண்டி ஏற்றத்தில் சோர்ந்துபோவதும் உண்டு. ஒரே வண்டியிலிருந்து இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ், பின் அச்சின் பல்தொகுதி, ரேடியேட்டர் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கினால் மட்டும் இறங்குங்கள். வேலை தொடங்கும் முன் தேசியத் தரைப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டு அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். 'ஹார்ஸ் பவர்' என்று நம்மவர் சொல்லும் பதிவுப் புத்தகத்தில் புதிய இன்ஜின் எண் ஏறும் வரை வண்டியை ரோட்டில் விடாதீர்கள்.